வலப்பக்கத் தேர்

தவமலருக்கு உட்கார்ந்து சதுரங்கம் ஆட வராது. கிள்ளான் பேருந்து நிலையத்தின் கட்டுப்பாட்டு அறையில், ஓட்டுநர் இல்லாத பேருந்துகள் எங்கெங்கே நிற்கின்றன என்று காட்டும் பெரிய திரைக்கு முன்னால், கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு அங்குமிங்கும் நடந்தபடியே ஆடுவாள். பீரங்கியை நகர்த்திவிட்டு ஜன்னல் வரை போவாள். எதிராளி யோசித்து முடிப்பதற்குள் திரும்பி வந்து, பொறுக்க முடியாமல் மறுபடி ஜன்னலுக்குப் போவாள். உடன் வேலை செய்கிறவர்கள் முதலில் சிரித்தார்கள். பிறகு அவளுக்கு வழிவிட்டு நாற்காலிகளை ஓரமாகப் போட்டுக்கொண்டார்கள்.

"ஐம்பத்தஞ்சு வயசுல சீனச் சதுரங்கம் கத்துக்கிட்டு என்னா செய்யப்போற, மலரு?" என்று கணவர் குணாளன் கேட்டார்.

"பேசப்போறேன்" என்றாள்.

யாருடன் என்று அவர் கேட்கவில்லை. அவருக்குத் தெரியும்.

தவமலர் சீனக் குடும்பத்தில் பிறந்தவள். கைக்குழந்தையாக இருந்தபோதே தமிழ்க் குடும்பத்துக்குத் தத்து கொடுக்கப்பட்டவள். அந்த நாட்டில் அப்படி வளர்ந்த பெண்கள் பலர் உண்டு. சந்தையில் சீனக் கடைக்காரர்கள் தங்கள் ஹொக்கியன் மொழியில் விலை சொல்வார்கள். அவள் மலாயில் பேரம் பேசுவாள். கோயிலில் அவள் தேவாரம் பாடும்போது புதிதாக வந்தவர்கள் படம் பிடிப்பார்கள். இதெல்லாம் அவளைத் தொந்தரவு செய்ததில்லை. தொந்தரவு செய்தது வேறொன்று. வளர்த்த அம்மா கண்ணை மூடுவதற்கு முந்தைய வருடம் அதைச் சொல்லியிருந்தார்.

"ஒரு பையன்தான் ஒன்னையக் கொண்டாந்தான். சைக்கிள் கூடையில வச்சு. ஒங்கண்ணன்னு சொன்னாங்க. எங்கையில ஒன்னையக் குடுத்தான், சைக்கிளத் திருப்பினான், போயிட்டான். நீ வீல்னு அழுவுற. ஒரு தடவகூடத் திரும்பிப் பாக்கல."

பெற்றவர்கள்மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை. வறுமை, சோதிடம், ஏதோ ஒன்று. அந்தப் பையன் திரும்பிப் பார்க்காததுதான் நெஞ்சில் தைத்து நின்றது. யாரிடமாவது ஒரு கேள்வி கேட்க வேண்டுமென்றால் அவனிடம்தான் கேட்க வேண்டும்.

அந்தப் பையன் கிடைத்தார். அவளுடைய மகன் விளையாட்டாக வாங்கித் தந்த மரபணுச் சோதனையில், புக்கிட் மெர்தாஜாமில் இருக்கும் ஹுய் மின் என்ற பெண்ணோடு நெருங்கிய உறவு என்று முடிவு வந்தது. ஹுய் மின்தான் முதலில் அழைத்தாள். இருவரும் மலாயில் பேசிக்கொண்டார்கள்.

"நீங்க எங்கப்பாவோட தங்கச்சின்னு காட்டுது, ஆன்ட்டி."

"அப்பா இருக்காரா?"

இருந்தார். பெயர் லிம் கொக் செங். டயர் கடை வைத்திருந்தவர். போன வருடம் மூளையில் ரத்தக்குழாய் அடைத்துப் பேச்சு முழுக்கப் போய்விட்டது. எழுதவும் வரவில்லை. 'ஹோ' என்ற ஒற்றை ஒலி மட்டும் மிஞ்சியது. அவர்கள் மொழியில் அதற்கு 'நல்லது' என்று பொருள். பசித்தாலும் ஹோ, கோபம் வந்தாலும் ஹோ, வலித்தாலும் ஹோ. எந்த மொழியிலிருந்து எந்த மொழிக்கும் நொடியில் மாற்றித் தரும் கருவி இப்போது எல்லோர் காதிலும் இருக்கிறது. அந்தக் கருவிக்கும் அவரிடமிருந்து மொழிபெயர்க்க ஒன்றுமில்லை.

"நான் வந்து பாக்கலாமா?"

"இப்ப வேணாம் ஆன்ட்டி. புது ஆளுங்க வந்தா கலங்கிப் போறார். ஆனா சீனச் சதுரங்கம் மட்டும் மறக்கல. டாக்டரே ஆச்சரியப்பட்டார். திரையில காய் வச்சுக் குடுத்தா ஆடுறார். நீங்க ஆடுவீங்களா?"

"ஆடுவேன்" என்று தவமலர் வாய் கூசாமல் பொய் சொன்னாள்.

அன்றே தேட ஆரம்பித்தாள். இலவசக் காணொளிகள், புதிர்கள், வியட்நாமியர் ஒருவர் நடத்திய பாடங்கள் என்று கைக்கு அகப்பட்டதையெல்லாம் பார்த்தாள். காய்கள் கட்டங்களுக்குள் நிற்பதில்லை. ஆடுபுலி ஆட்டத்தைப் போலக் கோடுகள் சந்திக்கும் இடத்தில் நிற்கின்றன. பலகைக்கு நடுவே ஓர் ஆறு. யானை அந்த ஆற்றைத் தாண்டாது. குதிரையின் பக்கத்தில் வேறு காய் நின்றால் அதற்குக் கால் தடுக்கும். பீரங்கி ஒரு காயின் தலைக்கு மேலே தாண்டித்தான் அடிக்கும். தேர் நேர்கோட்டில் எங்கே வேண்டுமானாலும் ஓடும். பலகையில் அதைவிடப் பலமான காய் இல்லை. தளபதி பிடிபட்டால் ஆட்டம் முடிந்தது. காய்களின் மேலிருந்த சீன எழுத்துகள் அவளுக்குப் படம்போலத் தெரிந்தன. தேரின் எழுத்து, மேலிருந்து பார்த்த வண்டி. குதிரையின் எழுத்துக்குப் பிடரியும் கால்களும் உண்டு. தன் ரத்தத்துக்குச் சொந்தமான எழுத்தில் அவள் முதன்முதலாகப் படித்தது அந்தக் காய்களைத்தான்.

கடைசியில் 'செபராங்' என்ற தளத்தில் வந்து நின்றாள். மலாயில் அதற்கு அக்கரை என்று அர்த்தம். மற்ற தளங்கள் எப்படி ஆடுவது என்று கற்றுக்கொடுத்தன. செபராங் அதற்கு மேலும் ஒன்று செய்தது. ஒருவர் எந்தக் காயைத் தொட எவ்வளவு தயங்குகிறார், எதைக் காப்பாற்றுகிறார், எதை விடுகிறார் என்று பார்த்து, அந்த நேரத்தில் அவர் மனதில் என்ன இருக்கிறது என்று சொன்னது. அதற்கு உள்வாசிப்பு என்று பெயர். எதிராளியைப் புரிந்துகொள்ளாமல் ஆட்டத்தைப் புரிந்துகொள்ள முடியாது என்பது அந்தத் தளத்தின் வாதம். கோடிக்கணக்கான ஆட்டங்களைப் படித்து உருவான அந்த ஆசான், தவமலர் தமிழைத் தேர்ந்தெடுத்ததும், வானொலிச் செய்தி வாசிப்பவரைப்போல அவள் காதில் பேசியது.

அண்ணனும் முன்பு ஆடிய தளம் அதுதான். அங்கே அவரோடு ஆடிய முதல் ஆட்டத்தில் தோற்றாள். அடுத்ததிலும் தோற்றாள். சில வாரங்களில் ஒரு வினோதத்தைக் கவனித்தாள். புலிபோல ஆடிக்கொண்டிருப்பவர், தன் வலப்பக்கத் தேரை அவள் குதிரை வெட்டும் இடத்தில் அப்படியே விட்டுவைப்பார். அவள் வெட்டினாலும் பதிலடி கொடுக்க மாட்டார். அடுத்த ஆட்டத்திலும் அதே தேர்.

"இவ்வளவு நல்லா ஆடுறவரு இதை ஏன் விடுறாரு? கவனிக்கலையா?" என்று காதிலிருந்த குரலைக் கேட்டாள்.

"கவனக்குறைவு என்று தோன்றவில்லை" என்றது குரல். "நோயுறுவதற்கு முன் இவர் இங்கே ஆடிய ஆட்டங்கள் எல்லாம் என்னிடம் உள்ளன. இந்தத் தேரை இவர் ஒருபோதும் இப்படி இழந்ததில்லை. மற்ற பகுதிகளில் இவருடைய ஆட்டம் இன்றும் கூர்மையாக இருக்கிறது. நோய்க்குப் பிறகு இவர் ஆடும் ஒரே எதிராளி நீங்கள். உங்களுக்கு மட்டும் விட்டுத் தருகிறார்."

"எதுக்கு?"

"கடன்பட்டவர் கொடுப்பதைப்போல இருக்கிறது. குற்ற உணர்வு என்று வாசிக்கிறேன்."

தவமலர் நடப்பதை நிறுத்தினாள். பெரிய திரையில் மேரு வழித்தடத்தில் ஒரு பேருந்து நின்றுபோய்ச் சிவப்பு விளக்கு காட்டியது. அவள் பார்க்கவில்லை. கழிவறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

வீட்டுக்கு வந்ததும் குணாளனிடம், "நான் மன்னிச்சிட்டேங்க" என்றாள்.

"அவரு கேட்டாரா?"

"கேக்குறாரு. டெய்லி கேக்குறாரு."

குணாளன் அவளையே பார்த்தார். "அப்புறம் ஏன் இன்னும் இப்படிக் கூண்டுல போட்டது மாதிரி நடந்துக்கிட்டே இருக்க?" என்றார்.

மாதங்கள் ஓடின. தினமும் ஆட்டம், தினமும் ஒரு தேர், சில நாள் அந்தப் பக்கத்துக் குதிரையும் சேர்த்து. அவள்தான் இப்போது பெரும்பாலும் ஜெயித்தாள். ஒவ்வொரு முறையும் குரல் ஏதாவது இதமாகச் சொல்லும். அவர் சொல்ல முடியாததையெல்லாம் அது சொல்லிக்கொண்டிருந்தது.

ஒருநாள் காலை ஹுய் மின் அழைத்தாள்.

"அப்பா கழுத்து ரத்தக்குழாய்ல மறுபடி அடைப்பாம், ஆன்ட்டி. ஆபரேஷன் செஞ்சா பிழைக்கலாம். செய்யும்போதே போயிடவும் வாய்ப்பிருக்கு. செய்யாம விட்டா கொஞ்ச மாசம்தான்."

"செய்யச் சொல்லு."

"நான் சொல்ல முடியாது. அப்பாவுக்குப் புத்தி தெளிவா இருக்கு, அதனால அவர் விருப்பத்தைத்தான் கேக்கணும்னு சட்டம். ஆமாவா இல்லையான்னு கேட்டா எல்லாத்துக்கும் தலையாட்டுறார். அதான் உங்க ஆட்டத்தையெல்லாம் ஆஸ்பத்திரிக்கு அனுப்பச் சொன்னாங்க. பேச முடியாதவங்களுக்கு உள்வாசிப்பைச் சாட்சியா எடுத்துக்கிறாங்க இப்ப. வாசிப்பு வந்திருச்சு. அவர் எல்லாத்தையும் விட்டுக்கொடுக்கத் தயாராயிட்டாராம். காப்பாத்திக்கிற ஆசை இல்லையாம். படம் போட்ட அட்டை ரெண்டு முன்னால வச்சும் பாத்தாங்க. ஒன்னு ஆபரேஷன், ஒன்னு வீடு. ஒவ்வொரு தடவையும் வீட்டைத்தான் தொட்டார். நாளான்னைக்குக் கையெழுத்துப் போடணும். வர்றீங்களா?"

தவமலர் அன்று மதியமே ரயிலேறினாள். ஈப்போ தாண்டும்வரை நின்றுகொண்டே வந்தாள். ஒரே தேர்தான். அவளுக்கு அது மன்னிப்பு. ஆஸ்பத்திரிக்கு அது மரண விருப்பம். இரண்டும் ஒன்றாகவே இருக்கக்கூடும், சாகப்போகிறவர்தானே கடனைத் தீர்ப்பார் என்று நினைத்தாள்.

புக்கிட் மெர்தாஜாமில் அது சிறிய அடுக்கு வீடு. கீழே டயர் கடை மூடிக் கிடந்தது. ஹுய் மின் வாசலிலேயே கட்டிக்கொண்டாள். முப்பது வயதிருக்கும், சிரிக்கும்போது தவமலரின் மோவாய் அப்படியே அவளிடம் இருந்தது. கூடத்தில் மேசைக்கு முன்னால் கொக் செங் உட்கார்ந்திருந்தார். ஒட்ட வெட்டிய நரைமுடி, அகன்ற தோள்கள். அவருக்கு வலப்பக்கத்தில் விருந்தாளிக்கென்று ஒரு நாற்காலி போட்டிருந்தது. தவமலர் அதில் உட்கார்ந்தாள்.

"அண்ணே" என்றாள் தமிழில். வேறு எப்படிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை.

குரல் கேட்டுத் தலையைக் கொஞ்சம் உயர்த்தினார். அவள் பக்கம் திரும்பவில்லை. எதிர்ச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். ஹுய் மின் அவரிடம் ஹொக்கியனில் ஏதோ சொன்னாள்; தவமலர் காதுக் கருவியை அணைத்து வைத்திருந்தாள். "ஹோ" என்றார் சுவரைப் பார்த்து.

ஆக, இப்போதும் திரும்பிப் பார்க்கமாட்டார். தவமலருக்கு முகம் சுட்டது. எழுந்து போய்விடலாமா என்று கால்கள் பரபரத்தன.

ஹுய் மின் ஒரு தட்டில் வதக்கிய மீஹூன் என்ற அரிசிச் சேமியா கொண்டுவந்து அவர் முன்னால் வைத்துவிட்டு, தேநீர் போட உள்ளே போனாள். அவர் கரண்டியால் வேகமாகச் சாப்பிட்டார். பாதி ஆனதும் நிறுத்தினார். கரண்டியால் வெறும் தட்டைச் சுரண்டினார். "ஹோ" என்றார். பிறகு மேசையில் தட்டிக் கோபமாக, "ஹோ! ஹோ!"

"போதும்னு சொல்றார்" என்று உள்ளேயிருந்து ஹுய் மின் குரல் கொடுத்தாள். "நோய் வந்ததுலருந்து பாதி வயிறுதான், ஆன்ட்டி. தட்டைத் தள்ளி வச்சிருங்க."

தவமலர் தட்டில் கை வைத்தாள். சும்மா இருக்கத் தெரியாத கை அது. எடுப்பதற்குப் பதிலாக, என்ன செய்கிறோம் என்றே யோசிக்காமல், தட்டை மேசைமேல் சுழற்றினாள். தொடாத பாதி சுற்றிக்கொண்டு அவருடைய இடப்பக்கம் வந்தது.

கொக் செங் திடுக்கிட்டுத் தட்டைப் பார்த்தார். கரண்டியை எடுத்தார். பல நாள் பட்டினி கிடந்தவரைப்போல மிச்சம் இருந்ததையும் தின்றார்.

தவமலர் அசையாமல் பார்த்திருந்தாள். பிறகு தன் கையை மெதுவாக அவர் முகத்துக்கு வலப்புறமாகக் கொண்டுபோய் விரல்களை ஆட்டினாள். அவர் இமைக்கவில்லை. கை மூக்குக்கு நேரே வந்ததும்தான் தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

அவருக்கு வலப்பக்க உலகமே இல்லை. தட்டில் பாதி இல்லை. பலகையில் பாதி இல்லை. வீடு படம் போட்ட அட்டை எந்தப் பக்கம் இருந்திருக்கும் என்று யாரும் அவளுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஹுய் மின் தேநீரோடு வந்தபோது தட்டு காலியாக இருந்தது. அவள் அதைக் கவனிக்காமல் எடுத்துப்போனாள். தவமலர், "கொஞ்சம் காத்து வாங்கிட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டு மாடி நடையில் போய் நின்றாள். கீழே மோட்டார் சைக்கிள்கள் இரைந்துகொண்டு போயின. காதிலிருந்த கருவியைத் தட்டினாள்.

"அவருக்கு வலப்பக்கம் கண்ணு தெரியலேன்னு வச்சுக்க. அப்ப நீ சொன்னதெல்லாம் என்னா ஆகும்?"

குரல் தயங்கவில்லை. "அப்படியானால் அவர் எதையும் விட்டுத் தரவில்லை. அங்கே தேர் இருந்ததே அவருக்குத் தெரியாது. குற்ற உணர்வு பற்றியும், வாழ விருப்பமின்மை பற்றியும் நான் சொன்ன வாசிப்புகள் செல்லாது."

"இவ்வளவு ஈசியா சொல்ற?"

"பலகையில் தெரிவதை மட்டுமே என்னால் பார்க்க முடியும். அவருடைய கண்கள் பலகையில் இல்லை."

"ஆஸ்பத்திரிக்கு நீயே சொல்லிருவியா?"

"உறுதி செய்யப்படாத தகவலை நான் அனுப்ப இயலாது. நீங்கள்தான் சொல்ல வேண்டும்."

அவள் நடையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்தாள். சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. அண்ணன் அவளிடம் மன்னிப்புக் கேட்டவராகவே போய்ச் சேர்வார். இத்தனை மாதங்களும் அவளுக்குக் கிடைத்தது கிடைத்ததாகவே இருக்கும். சொன்னால் அது அத்தனையும் வெறும் பார்வைக் கோளாறு. அவர் ஒரு வார்த்தைகூட அவளிடம் சொன்னதில்லை என்று ஆகிவிடும். இப்படியொரு எண்ணம் தனக்குள் வரும் என்று அவள் நினைத்ததே இல்லை. கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"என்னையும் வாசிச்சிருப்ப இல்ல?" என்றாள் திடீரென்று. "என்னா வாசிச்ச?"

"நீங்கள் இதுவரை கேட்டதில்லை."

"இப்பக் கேக்குறேன்."

"எதிராளியின் தளபதியைப் பிடிக்கும் வாய்ப்பு கிடைத்த பிறகும் நீங்கள் ஆட்டத்தை முடிப்பதில்லை. சுற்றி வந்து, எஞ்சிய காய்களை ஒவ்வொன்றாக வெட்டுகிறீர்கள். அவரிடம் ஒன்றும் மிஞ்சாத பிறகே முடிக்கிறீர்கள். கோபம் என்று வாசிக்கிறேன். தொடக்கத்திலிருந்தே அது குறையவில்லை."

"மன்னிச்சிட்டேன்னு சொன்னேனே."

"சொன்னீர்கள்."

"நீ அவரைத் தப்பா வாசிச்ச. இதுவும் தப்பா இருக்கலாம்."

"இருக்கலாம். ஆனால் உங்களுக்கு இரண்டு பக்கமும் தெரியும்."

கருவியைக் காதிலிருந்து பிடுங்கிக் கைப்பைக்குள் போட்டாள். அரைப் பலகை தெரியாத மனிதரை மாதக்கணக்கில் அடித்து, அவர் கொடுத்ததாக நினைத்து அழுதிருக்கிறாள். உள்ளே போனாள்.

"ஹுய் மின், இன்னும் மீஹூன் இருக்கா? இங்க வா. உங்கப்பாவைப் பாரு."

தட்டை வைத்தார்கள். பாதி முடிந்தது. கரண்டி வெறுமையைச் சுரண்டியது. தவமலர் தட்டைத் திருப்பினாள். அவர் மறுபடி சாப்பிட ஆரம்பித்தார்.

ஹுய் மின் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு, "தட்டைத் தட்டித் தட்டிக் கத்துவார், ஆன்ட்டி. நான் போதும்னு நினைச்சு எடுத்துட்டுப் போவேன்" என்றாள். "ஒரு வருஷமா. பசிக்குதுன்னுதான் கத்தியிருக்கார்." அவர் காலடியில் தரையில் உட்கார்ந்து, அவர் முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டாள். அவர் சாப்பிடுவதை நிறுத்தாமல் இடது கையால் அவள் தலையைத் தடவினார்.

"டாக்டருங்க கண்ணைப் பாக்கலையா?"

"எழுத்தைப் படிச்சுச் சொல்லச் சொன்னாங்க. அவர்தான் பேச மாட்டாரே. அப்புறம் பாத்துக்கலாம்னு விட்டாங்க. அப்புறம் யாரும் பாக்கல. எல்லாம் திரையிலதானே நடக்குது இப்ப."

தவமலர் மேசையைச் சுற்றிக்கொண்டு அவருடைய இடப்பக்கம் போய் நின்றாள்.

இப்போது அவர் பார்த்தார். அவள் நெற்றிப் பொட்டைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், பிறகு இது யார் என்பதுபோல மகளைப் பார்த்தார். ஹுய் மின் கண்ணைத் துடைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள். காதில் கருவி இல்லாமல் தவமலருக்கு அந்த மொழி புரியவில்லை. சைக்கிள் ஓட்டுவதுபோல ஹுய் மின்னின் கை அசைந்தது மட்டும் தெரிந்தது.

அவர் வெகுநேரம் தவமலரைப் பார்த்திருந்தார். பிறகு, மெல்ல, தலையை இடப்பக்கம் சுவர்வரை திருப்பினார். அப்படித் திருப்பினால் அவள் அவருடைய வலப்பக்கத்தில், ஒன்றுமே இல்லாத அந்த இடத்தில் போய்விடுவாள். அங்கேயே வைத்துக்கொண்டார்.

வெட்கமா, பயமா, வேண்டாம் என்கிறாரா? கேட்டுச் சொல்லக் காதில் யாரும் இல்லை. தவமலர் தட்டை எடுத்துக்கொண்டுபோய்க் கழுவினாள்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் டாக்டர் நோர்ஹயாத்தி என்ற இளம் பெண் அவர்கள் சொன்னதைக் கேட்டார். முதலில் நம்பவில்லை. பிறகு இரண்டு அட்டைகளையும் எடுத்து, பக்கம் பக்கமாக வைக்காமல் ஒன்றன்கீழ் ஒன்றாக, அவருடைய இடப்பக்கத்தில் வைத்தார். கொக் செங் ஆபரேஷன் அட்டையைத் தொட்டார். டாக்டர் மேலே இருந்ததைக் கீழே மாற்றினார். மறுபடியும் அதையே தொட்டார். மூன்றாவது முறை மாற்றப் போனபோது அட்டையை டாக்டர் கையிலிருந்து பிடுங்கித் தன் மார்போடு வைத்துக்கொண்டு, "ஹோ!" என்று அறையே அதிரக் கத்தினார்.

டாக்டர் கையிலிருந்த மற்ற அட்டையைக் கீழே வைத்தார்.

"இந்த வாசிப்பை வச்சு இதுக்கு முன்னாடி யார் யாருக்கு ஆபரேஷன் வேணாம்னு முடிவெடுத்தீங்க?" என்று ஹுய் மின் கேட்டாள்.

"அதைத்தான் யோசிச்சுக்கிட்டிருக்கேன்" என்றார் டாக்டர். அவர் முகம் வெளுத்திருந்தது. எழுந்து, வெளியே போய், நடைக்கூடத்தில் யாரையோ தொலைபேசியில் அழைத்து, பழைய வாசிப்புகளை உடனே பார்க்க வேண்டும் என்று சொல்வது கேட்டது.

அறுவைச் சிகிச்சை முடிந்து கொக் செங் பிழைத்தார். தவமலர் கிள்ளானுக்குத் திரும்பி, செபராங் கணக்கை மூடினாள். பேருந்துகளைப் பார்த்தாள். ஹுய் மின்னிடம் மட்டும் அவர் நலம் விசாரித்தாள். "போய்ப் பாத்துட்டு வாயேன்" என்று குணாளன் இரண்டு மூன்று முறை சொன்னார். "அவருக்கு என்னைப் பாக்க இஷ்டமில்ல" என்றாள். ஏன் திரும்பிப் பார்க்கவில்லை என்ற கேள்வியை அவள் இன்னும் கேட்கவே இல்லை.

ஹுய் மின்தான் ஒருநாள் அழைத்தாள். "அப்பா நிஜப் பலகையை எடுத்து வச்சிருக்கார். என்னைக் கூப்பிட்டா வேணாங்கிறார். எதிர்ல ஒரு நாற்காலியைப் போட்டு, இங்க இருந்து அங்க, அங்க இருந்து இங்கன்னு இழுத்துக்கிட்டே இருக்கார். எனக்கென்னவோ உங்களுக்குன்னுதான் தோணுது."

போனாள். நாற்காலி அவருக்கு இடப்புறம் சாய்வாகப் போட்டிருந்தது. பலகையும் அந்தப் பக்கமாக நகர்ந்திருந்தது. கழுத்தில் கட்டோடு கொக் செங் காய்களை அடுக்கிக்கொண்டிருந்தார். அவள் உட்கார்ந்ததும் நேராகப் பார்த்தார். இந்த முறை திரும்பிக்கொள்ளவில்லை. அவளும் பார்வையை எடுக்கவில்லை.

பிறகு அவர் தன் தேர்களில் ஒன்றை எடுத்துப் பலகைக்கு வெளியே வைத்தார்.

தவமலருக்கு அது என்னவென்று தெரியும். பாடங்களில் பார்த்திருக்கிறாள். கத்துக்குட்டியோடு ஆட உட்காரும் பெரிய ஆட்டக்காரர்கள் அப்படித்தான் செய்வார்கள். ஒரு தேர் இல்லாமலே உன்னை ஜெயிப்பேன் என்று அர்த்தம்.

"என்னா இது? எனக்கா?" என்றாள். சுருக்கென்று கோபம் வந்தது. தேரை எடுத்து அவர் பக்கத்திலேயே திரும்ப வைத்தாள். அவர் எடுத்து வெளியே வைத்தார். அவள் மறுபடி உள்ளே வைத்து, எடுக்க விடாமல் விரலால் அழுத்திக்கொண்டாள். அவர் அவள் புறங்கையில் பட்டென்று ஓர் அடி போட்டார்.

"ஹுய் மின்! உங்கப்பா அடிக்கிறாரு பாரு!"

வாயிலிருந்து வந்தது தமிழ். காதில் கருவி இல்லாத ஹுய் மின்னுக்குப் புரியாது. ஆனாலும் அவள் சமையலறையில் விழுந்து விழுந்து சிரித்தாள். கொக் செங்கின் தோள்கள் குலுங்கின. தவமலர் விரலை எடுக்கவில்லை.

"எனக்கு ஒன்னும் விட்டுத்தர வேணாம், அண்ணே. முழுசா ஆடுங்க."

"ஹோ" என்றார் அவர். முதல் நகர்த்தலிலேயே அந்தத் தேரை ஆட்டத்தில் இறக்கினார்.

பலகை முழுக்கத் தெரியும்போது அவர் எப்படி ஆடுவார் என்று அவளுக்கு அன்றுதான் தெரிந்தது. மூச்சுவிட நேரமில்லை. அவளுடைய பீரங்கிகள் போயின, குதிரைகள் போயின. சீக்கிரமே அவள் தளபதி மூலையில் மாட்டிக்கொண்டது. ஒரே நகர்த்தலில் முடித்துவிடலாம். அவர் முடிக்கவில்லை. தேரை வேறு பக்கம் திருப்பி, ஒதுங்கி நின்ற யானையை வெட்டினார். அடுத்து மந்திரியை. அடுத்து, ஆற்றங்கரையில் எதற்கும் உதவாமல் நின்ற ஒரு சிப்பாயை.

தவமலர் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். அவள் ஆடுவதும் இப்படித்தான்.

தேநீரோடு வந்த ஹுய் மின் பலகையை எட்டிப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். "ஐயோ, இன்னும் இந்தப் பழக்கம் போகலையா? எப்பவும் இப்படித்தான், ஆன்ட்டி. எங்க தாத்தாவும் இப்படித்தானாம். ஜெயிச்ச பிறகும் விடமாட்டாங்க. எதிர்ல இருக்கிறவங்களைக் கடைசிக் காய்வரைக்கும் உரிச்சு எடுத்துருவாங்க. அதனாலயே எங்க வீட்டு ஆளுங்களோட வெளியாளுங்க யாரும் ஆட வரமாட்டாங்க."

தவமலரிடம் தளபதியும் ஒரேயொரு சிப்பாயும் மிச்சம் இருந்தன.

"முடிச்சிருங்க, அண்ணே" என்றாள்.

அவர் அவளை ஒருமுறை பார்த்துவிட்டு, தேரைத் தூக்கிக்கொண்டு அந்தச் சிப்பாயைத் தேடிப் போனார்.